தொட்டி நிறைவதற்குள்

இந்தத் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் பிடிக்கும், தம்பி? அரை மணிதானா? உங்கள் லாரி ஓஸ் பைப் ரொம்பப் பெரிசு. இதைவிடச் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ள மாட்டீர்களா?

ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெஞ்சுக்கு வாருங்கள். முதலில் போனை உள்ளே வையுங்கள். லாரியை நிறுத்தியதிலிருந்து பார்க்கிறேன், செருப்புப் படமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். பிடித்தால் வாங்க வேண்டும். பிடிக்காவிட்டால் மூட வேண்டும். இருக்கிற இரண்டு காலுக்கு எத்தனை நூறு செருப்பு பார்ப்பது?

இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் சரி. வாழ்நாள் முழுக்க பெயின்ட் கடை வைத்திருந்தவன் நான். பூவலிங்கம் பெயின்ட்ஸ். ரயில்வே கேட் தாண்டி, மேற்குப் பார்த்த கடை. என் காலத்தில் ஒரே ஒரு ஷேட் கார்டு. அட்டையில் கட்டம் கட்டமாக முப்பது கலர் இருந்தால் அதிகம். வருகிறவன் ஒரு கட்டத்தில் விரலை வைப்பான். டப்பாவை எடுத்துக் கொடுப்பேன். போய்க்கொண்டே இருப்பான்.

இப்போது மகன் பார்க்கிறான். கலர் கலக்குகிற மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறான். ஆயிரக்கணக்கில் கலர். புருஷனும் பெண்டாட்டியும் காலையில் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் வெள்ளையைத் தாண்டுவதில்லை. பால் வெள்ளையா, முத்து வெள்ளையா, தந்த வெள்ளையா. கடைசியில் ஒருத்தரை ஒருத்தர் ஏசிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். ஒருநாள் சொல்லியும்விட்டேன், "சுவரு என்ன உங்களைப் பாத்துச் சிரிக்கவா போவுது, எதையாவது அடிங்க" என்று. மகன் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான்.

வீட்டுக்குப் போய் என்ன செய்ய?

இல்லை, இது குடிக்கிற தொட்டி இல்லை. ஞானஸ்நானத் தொட்டி. ஆள் உள்ளே இறங்கி, முங்கி, எழுந்திருக்கிற தொட்டி. குழாயில் தண்ணீர் வரவில்லை, அதனால்தான் பாஸ்டர் உங்கள் லாரியைக் கூப்பிட்டார். இறங்கப்போகிற ஆள் நான்தான். வெள்ளை வேட்டி சட்டை அதற்குத்தான். இந்த வயதில் இவருக்கு என்ன வந்தது என்று மனசுக்குள் நினைக்கிறீர்கள். வாய்விட்டே கேட்கலாம். ஊரில் எல்லாரும் கேட்டாயிற்று.

கடையை விட்டு வந்ததும், தம்பி, ஊரே எனக்கு ஷேட் கார்டை நீட்டியது. ஒருத்தர் மூச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மூக்கை அடை, மறு மூக்கால் இழு என்றார்கள். இத்தனை வருஷம் தின்னரை மோந்த மூக்கு. இரண்டுமே அடைத்துத்தான் இருந்தது. இன்னொருத்தர் சிரிப்பு மன்றம் என்றார். காலையில் பூங்காவில் வட்டமாக நின்று ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். என் முறை வந்தபோது எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். தியானம் என்று ஒரு இடம், பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற ஒரு வேன். டீக்கடையில் என் சேக்காளி ஒருத்தன், சாமியே இல்லை என்கிற கட்சி. "எங்ககூட வந்துரும், ஒரு வேலையும் கிடையாது" என்றான். வேலை இல்லாமல்தானே அப்பா நான் அலைகிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரி ஆவுடையம்மாளுக்கு இந்தத் தொந்தரவே கிடையாது. பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரே அம்மன். போவாள், நிற்பாள், பேசுவாள், தெளிந்த முகத்தோடு வருவாள். நான் கூடப் போனால் கூடையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் எதற்கு என்று போகாமல் நின்றுவிட்டேன்.

அப்போதுதான் கோபுரக் கோயிலில் உள்சுவருக்குப் பெயின்ட் கேட்டார்கள். சர்ச்சுக்கு எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வது. மகனுக்கு மிஷின் ரிப்பேர். சுவரை அளந்து வர நான் போனேன். போனால் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது. முடியட்டும் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

திடீரென்று எல்லாரும் முழங்கால் போட்டார்கள். போட்டு, சத்தமாக, ஒன்றுபோல, நாங்கள் தப்புச் செய்துவிட்டோம், மன்னியும் என்கிறார்கள். யார் யார் என்று பார்த்தேன். லோனுக்காக என்னை நடையாய் நடக்கவிட்ட பேங்க் மேனேஜர். என் மகனை ஃபெயிலாக்கிய ஹெட்மாஸ்டர். பிரைமர் அடிக்காமலே அடித்தேன் என்று பிள்ளைமேல் சத்தியம் பண்ணுகிற பெயின்டர் செல்லையா. அத்தனை பேரும் தலையைக் குனிந்து ஒத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை வருஷ வியாபாரத்தில் "தப்பு என் மேலதான்" என்று என் கல்லாவுக்கு முன்னால் எவனாவது சொல்லியிருக்கிறானா? சுவர் பொரிந்தால் பெயின்ட் சரியில்லை என்பான். சுண்ணாம்பு காயுமுன் அடித்ததைச் சொல்ல மாட்டான். இங்கே ஒரு மண்டபம் நிறைய ஒத்துக்கொள்கிறார்கள், அதுவும் யாரும் அடிக்காமல்.

அதைவிட, முடிந்து வெளியே வந்தார்கள் பாருங்கள். ஒருத்தன் முகத்திலும் கேவலம் இல்லை. டீ குடிக்கிறான். சிரிக்கிறான். ஒத்துக்கொண்டவன் குறுகிப்போக வேண்டாமா? இவன் நிமிர்ந்து நடக்கிறான். அது எனக்கு விளங்கவே இல்லை.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். அவர்கள் ஒத்துக்கொள்வதைக் கேட்கத்தான். நான் வாயைத் திறப்பதில்லை. ஒத்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது?

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது முன்னால் பார்க்கத்தானே வேண்டும். சிலுவை இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்கிறேன். அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை. எல்லாப் பயலும் சேர்ந்து ஆணியடிக்கிறான். இந்த ஆள் நியாயம் பேசவில்லை, தம்பி. நாலு பேரைக் கூட்டிவைத்து, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. அடித்தவனுக்காகப் பரிந்து பேசுகிறார். நான் என்றால் விட்டிருக்க மாட்டேன். விட்டிருக்கவே மாட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தாலும் அதுவே ஓடும். என்ன மாதிரி ஆளப்பா இவர் என்று இருக்கும். சரி, இவர்தான் என்று ஒருநாள் விரலை வைத்துவிட்டேன். அவ்வளவுதான். ஒரு ஷேட், ஒரு டப்பா.

வால்வைக் கொஞ்சம் குறையுங்களேன். தொட்டி புதுசு. வேகமாக விழுந்தால் பூச்சு பெயர்ந்துவிடும். எனக்குத் தெரியாதா, நான்தான் பெயின்ட் கொடுத்தேன். ம். இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

விரலை வைத்தாயிற்று, அப்புறம் ஏன் இத்தனை காலம் என்று கேட்பீர்கள். நான் காரணம் இல்லை. கோபுரக் கோயிலில் என் பெஞ்சுக்கு மேலே இருந்த ஃபேன் கடகடவென்று சத்தம். அன்றைக்குப் பிரசங்கம்கூட ஏதோ, சொந்தக்காரனோடு பகை வைத்துக்கொண்டு காணிக்கை கொண்டுவராதே என்கிற மாதிரி. நான் சரியாகக் கேட்கவில்லை. ஃபேன் சத்தம். நின்றுவிட்டேன்.

மரக்கடைக்கு மாடியில் ஒரு சபை இருக்கிறது. நல்ல சனங்கள். கை தட்டிப் பாடுவார்கள். ஒருநாள் போதகர், பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோடு உங்களுக்குப் பேச்சு இல்லையோ அவர் பேரைச் சொல்லி ஜெபியுங்கள் என்றார். எனக்கு மாடிப்படி ஆகாது. முழங்கால். அடுத்த வாரம் போகவில்லை.

மாதா கோயிலுக்குப் போனேன். அமைதியான இடம். அங்கே தப்பைத் தனியாகச் சாமியாரிடம் சொல்கிற கூண்டு இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்தச் சாமியார், சொல்வது இருக்கட்டும், யாருக்குக் கெடுதல் பண்ணினீர்களோ அவரிடம் போய்ச் சரி பண்ணுவதுதான் முக்கியம் என்றார். அங்கே சைக்கிள் நிறுத்த நிழல் கிடையாது.

பிறகு மகன் டிவியில் வைத்துக் கொடுத்தான். எத்தனை பிரசங்கியார்கள், தம்பி. தமிழில், மலையாளத்தில், கோட் போட்டு, ஜிப்பா போட்டு. வேண்டாத இடம் வந்தால் ரிமோட்டை அமுக்கலாம். அடுத்தவர் வந்துவிடுவார். அவரும் அங்கேயே வந்தால் இன்னொருத்தர். விரல் வலிக்க அமுக்கினேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள், "எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி. என் தம்பிகிட்ட உங்களைப் பேச வைக்கிற சாமியாப் பாத்துக் கும்பிடுங்க."

அவள் எதற்கெடுத்தாலும் தம்பியைக் கொண்டுவந்து சொருகுவாள்.

தம்பி என்றால் கோமதிநாயகம். என் மச்சினன். பொட்டல்பட்டி விலக்கில், அதான் ஊருக்குப் பாதை பிரிகிற முக்கில், உரக்கடை வைத்திருக்கிறான், கடைக்கு மேலேயே வீடு. அவன் மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க என் கடைக்கு வந்தான். கார்டில் விரலை வைத்தான். இளம் ரோஸ். சங்குக்கு உள்பக்கம் இருக்குமே, அப்படி ஒரு மெல்லிசு. விரலை வைத்தது அவன். நான் வைக்கவில்லை. டப்பாக்களை அனுப்பினேன். அவன் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் அடித்து முடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது. வீடு பஞ்சுமிட்டாய் மாதிரி நிற்கிறது.

வெயிலில் பார்த்தால் கண் கூசும். இல்லை என்று நான் சொல்லவில்லை.

பந்தலில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால் சொன்னான், "எங்க அத்தானுக்குக் கண்ணு மங்கிட்டு, மாத்திக் குடுத்துட்டாரு" என்று. எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தான். நாதஸ்வரக்காரர் சிரித்தார். கலரைத் தொழிலாக வைத்திருக்கிறவனைப் பார்த்து, தம்பி. நான் மாற்றியா கொடுத்தேன்? கார்டில் போட்டிருந்த நம்பரும் டப்பாவில் இருந்த நம்பரும் ஒன்றுதான். கார்டு கடை முகப்பில் பல வருஷமாகத் தொங்கியது. மேற்குப் பார்த்த கடை. சாயங்கால வெயில் நேராக விழும். அட்டை வெளுத்திருந்தால் அதற்கு நானா பொறுப்பு? வெயில் என் கையிலா இருக்கிறது? அந்த வாரமே கார்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். சும்மாதான். பழசாகிவிட்டது.

சாப்பிடாமல் வந்தேன். அன்றோடு பேச்சு நின்றது. அவன் மகள் பிரசவம், அவனுக்குக் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் ஆவுடை தனியாகப் பஸ் ஏறிப் போய் வந்தாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சுவரை மாற்றி அடிக்கவில்லை. வம்புக்கென்றே வைத்திருக்கிறான். நாலு ஊர் பஸ்ஸும் அந்த வழிதான். இப்போது அந்த ஸ்டாப்புக்கே ரோஸ் வீடு என்று பேர்.

அதோ, எதிர் டீக்கடையில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். பக்கத்தில் என் வீட்டுக்காரி. ஏன் இங்கே வந்தான் என்றுதானே? சொல்லிக்கொண்டுதானே வருகிறேன். நடுவில் கேட்டால் எப்படி?

டிவியும் சரிப்படவில்லை. டிவியில் ஒத்துக்கொள்கிறவன் எவனும் நமக்குத் தெரிந்தவன் இல்லை. சுவாரசியம் இல்லை. பேசாமல் விட்டுத் தொலைத்திருக்கலாம். முடியவில்லை. அந்த ஆணியடிபட்ட ஆள் விடவில்லை. சரி என்று தெருக்கோடியில் இருக்கிற இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்தேன். சற்குணம் பாஸ்டர். மொபெட்டில் போவார். இங்கே ஃபேனே இல்லை. படியும் இல்லை. சைக்கிளுக்கு வேப்பமரம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

முதல் நாளே கேட்டேன், "எனக்கு ஞானஸ்நானம் வேணும். எப்பக் கிடைக்கும்?"

"வகுப்புக்கு வாங்க ஐயா."

"எத்தனை?"

"உங்க மனசு ஆயத்தமாகிற வரைக்கும்."

"அது எப்பவோ ஆயிட்டு."

வகுப்புக்குப் போனேன். பேர் வைக்க ஆளாளுக்கு யோசனை. ஆபிரகாம் என்றார் ஒருத்தர், பேதுரு என்றார் ஒருத்தர். இருக்கிற பேருக்கே பதில் சொல்லி முடியவில்லை, பூவலிங்கமே இருக்கட்டும் என்றேன். பாஸ்டரும் சரி என்றுவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசி வகுப்பில் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். இங்கேயுமா என்று எனக்கு வெறுத்துப்போயிற்று.

"ஐயா, தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி, யாரோடயாவது மனஸ்தாபம் இருந்தா..."

"நான் மன்னிக்கத் தயார்" என்றேன். பேச்சை வளர்க்க எனக்குப் பிடிக்காது.

"யாரை?"

சொன்னேன். வீடு, கலர், பந்தல், எல்லாம். அவர் கையில் இருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அந்தக் கார்டு வெளுத்திருந்ததா ஐயா?" என்று கேட்டார்.

"அதை ஏன் கேக்குதீரு?"

"சும்மாதான். உங்களை மன்னிக்கச் சொல்லல. போய் மன்னிப்புக் கேக்கச் சொல்லுதேன்."

நான் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு வாசல் வரைக்கும் வந்து அடுத்து எந்தச் சபைக்கு என்று யோசித்தேன். ஊரில் இன்னும் இரண்டு மூன்று பாக்கி இருந்தது. அங்கேயும் இதுதான் இருக்கும் என்று தோன்றிவிட்டது. மிஷினில் எத்தனை ஆயிரம் கலர் வந்தாலும் உள்ளே ஊற்றுகிறது ஒரே வெள்ளை பேஸ்தான். தொழில்காரனுக்குத் தெரியாதா?

போன வாரம் பஸ் ஏறினேன். பொட்டல்பட்டி விலக்குக்கு டிக்கெட் எடுத்தேன். இறங்க வேண்டிய நேரத்தில் ஒரு பொம்பளை வாசலில் குடத்தை வைத்திருந்தாள். நகரச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். சங்கரன்கோவில் வரைக்கும் போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். வரும்போது கண் அசந்துவிட்டது. அடுத்த நடையில் அவன் கடை வாசலில் ஏதோ கூட்டம். நாலு பேர் முன்னால் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

கண்டக்டர் வந்து குனிந்து கேட்டான், "பெரியவரே, ரோஸ் வீடு எத்தனை தரம் வந்து போய்ட்டு. இந்த நடையாவது இறங்குவீகளா, இல்ல, உங்களை பஸ்ஸோட சேத்து டிப்போவுல விடணுமா?"

"டிக்கெட் எடுக்கேன்லா" என்றேன்.

விலக்கு வந்தது. விசில் அடித்தான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்வாசலில் பச்சைத் துண்டு தெரிந்தது. கோமதிநாயகம். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கிறான்.

"அத்தான், நீங்க இறங்குதீகளா, நான் ஏறட்டுமா? காலையிலேருந்து உங்க தலை போகுது, வருது. எனக்குக் கழுத்து வலிக்கி."

ஏறிவிட்டான். "எங்க போகணும்?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, "அவரு எங்க இறங்குதாரோ அங்க" என்றான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இளைத்திருந்தான். வேப்பம்புண்ணாக்கு வாசம்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னேன், "மாப்ள, நான் உன்னை மன்னிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"பந்தல்ல வச்சு என்னைச் சொன்னதுக்கு."

"நான் சொன்னது தப்புன்னு யாரு சொன்னா? இன்னைக்கும் சொல்லுவேன். நீங்க மன்னிக்கதுக்கு நான் என்ன உங்ககிட்ட மனுவா போட்டேன்?"

"மன்னிச்சா வாங்கிக்கிட்டுப் போயேன்" என்றேன்.

"வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க."

குரல் ஏறிவிட்டது போல. முன்சீட்டில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்த பொம்பளை முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். "என்ன பிரச்சினை, அண்ணாச்சி?" என்று அவனைக் கேட்டாள். அவன் விலாவாரியாகச் சொன்னான். பஸ்ஸே கேட்டது. "அந்த ரோஸ் வீடா?" என்றார் ஒருத்தர். "அது ஏதோ ஐஸ் கம்பெனின்னுலா நினைச்சோம்" என்றார் இன்னொருத்தர்.

"அந்தப் பெயின்டு எந்தக் கடையில வாங்குனது?" என்று அந்தப் பொம்பளை கேட்டாள்.

"என் கடையிலதான்" என்றேன், நிமிர்ந்து.

"வாங்கணும்னு கேக்கல, தாத்தா. தெரிஞ்சுக்கிடலாம்னு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறான். எனக்குப் பந்தலில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். கோமதிநாயகம் மட்டும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்க அக்கா தனியாவே வந்து தனியாவே போச்சு, அத்தான். பஸ் ஸ்டாப்புல அது நிக்கதைப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது" என்றான்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கார்டு வெளுத்திருந்தது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் திரும்பினான். என் கையைப் பிடித்தான். "போதும் அத்தான்" என்கிறான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவனுக்கு. "பெரியவரு மன்னிப்புக் கேட்டுட்டாரு" என்று அந்தப் பொம்பளை பின்னால் இருக்கிறவர்களுக்கு அறிவித்தாள். "நான் கேக்கல. கார்டைப் பத்திச் சொன்னேன்" என்றேன். யார் கேட்கிறார்கள்? கண்டக்டர் எனக்கு டிக்கெட்டே வேண்டாம் என்றுவிட்டான். இவன் அங்கேயே போனைப் போட்டு, "எக்கா, அத்தான் கேட்டுட்டாரு" என்கிறான். வீட்டுக்கு வந்தால் ஆவுடை பாயசம் வைத்திருக்கிறாள். முகத்தைப் பார்த்தால் கல்யாணத்தன்று பார்த்த முகம். நான் என்ன சொல்ல? குடித்தேன்.

பாஸ்டருக்கும் சேதி போய்விட்டது. ஸ்தோத்திரம் என்றார். இன்றைக்குத் தேதி வைத்தார். மச்சினன் குடும்பத்தோடு வந்து நிற்கிறான்.

தண்ணீர் எதுவரைக்கும் வந்திருக்கிறது? பாதிக்கு மேலேயா?

விஷயம் என்ன என்றால், நான் கேட்கவில்லை, தம்பி. வாங்காத சரக்குக்கு ரசீது கொடுத்த மாதிரி இருக்கிறது எனக்கு. வாழ்நாளில் யாரிடமும் சும்மா ஒரு பிரஷ்கூட வாங்கினதில்லை. காலையில் பாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், "நான் கேக்கல. அவனாத்தான் குடுத்துட்டான். கேக்காம கிடைச்சா அது செல்லுமா?"

அவர் சிரிக்கிறார். "அதைத்தானே ஐயா நான் வாராவாரம் இங்க நின்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்ப நான் இறங்கலாமா?"

"தாராளமா."

"கேக்க வேண்டாமா?"

"வேண்டாம்னு சொல்லல. கேட்டாத்தான் இறக்குவேன்னும் சொல்லல. உங்க இஷ்டம்."

இஷ்டமாம். கண்டிப்பாகக் கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு சண்டை போட்டுவிட்டு வேறு சபைக்குப் போயிருப்பேன். வேண்டியதே இல்லை என்றால் பேசாமல் முங்கியிருப்பேன். இப்படி இஷ்டத்துக்கு விட்டால் மனுஷன் என்ன செய்வான்? விடியற்காலையிலிருந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மச்சினன் இரண்டு தடவை பக்கத்தில் வந்துவிட்டான். ஒரு தடவை வெயிலைப் பற்றிப் பேசினேன். இன்னொரு தடவை யூரியா விலையைக் கேட்டேன். எனக்கு யூரியா எதற்கு?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்களைக் கேட்கவில்லை. பேச்சுத் துணைக்கு உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான்.

சத்தம் மாறுகிறதே. நிறைந்துவிட்டதா? எட்டிப் பாருங்கள். ம். இருந்தாலும் ஒரு குடம் பிடிக்கும். சரி, சரி, ஓஸைச் சுருட்டுங்கள். உங்களுக்கும் அடுத்த லோடு இருக்கும். உள்ளே பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்.

அவன் வருகிறான் பாருங்கள். கையில் டீ. எனக்குத்தான். சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லியிருப்பான். இத்தனை வருஷம் பேசாவிட்டாலும் அதை மறக்கவில்லை, பாவிப்பயல்.

கொஞ்சம் நகருங்கள், தம்பி. அந்த பெஞ்சு வேண்டும்.

மாப்ள. டீயை அப்புறம் குடிக்கலாம், கீழ வை. இங்க வந்து உக்காரு. நான் இருக்கட்டும். நீ உக்காரு, நான் நிக்கேன்.